வழக்கும் சான்றும்
ஆர்மீனியர் துயரமும் சயாம் சென்ற தமிழர் துயரமும்

ஓர் இனத்தார்க்கு நேர்ந்த கொடுமையை வேறொரு நாட்டின் நாடாளுமன்றம் எடுத்துப் பேசித் தீர்மானம் நிறைவேற்றுவதால் விளையும் பயன் யாது? இவ்வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. தீர்மானம் நிறைவேறிவிட்டால் நீதி கிடைத்துவிட்டது என்பர் ஒரு சாரார். பழம்புண்ணைக் கிளறுவதால் பகையே வளரும், மறந்துவிடுவதே அறிவுடைமை என்பர் மற்றொரு சாரார். உலக அரங்கில் இவ்வினாவுக்கு நெடுங்காலமாக எடுத்துக்காட்டாக விளங்குவது ஆர்மீனியர் வழக்கு. மலேசியத் தமிழருக்கும் அத்தகைய வழக்கு ஒன்று உண்டு. சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளரின் வழக்கு அது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், மேற்சொன்ன இரு விடைகளும் குறையுடையன என்பது புலப்படும்.

பங்கோர் கற்பிக்கும் பாடம்

பேராக் மாநிலத்தின் லூமுட் கடற்கரையில் நிற்பவர் கண்ணுக்கு எதிரே தோன்றுவது பங்கோர்த் தீவு. அத்தீவை ஒட்டி நின்ற கப்பலில் 1874 ஜனவரி 20-ஆம் நாள் ஆங்கிலேய ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கும் பேராக் மலாய்த் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதன் ஆறாம் பிரிவே ஆங்கிலேய ஆலோசகரைப் பேராக்கினுள் கொணர்ந்தது. லூமுட்டை உள்ளிட்ட டிண்டிங்ஸ் பகுதியும் அவ்வொப்பந்தத்தின் வழியே ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று; 1935-இல்தான் மீண்டும் பேராக்குக்குத் திரும்பிற்று. ஏறத்தாழ 60 ஆண்டுக் காலம் ஒரு நிலமும் அதன் மக்களும் தாளில் எழுதிய சில வரிகளால் கைமாறியிருந்தனர். அவ்வரிகளை எழுதியபோது அந்த மக்களை எவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

ஒப்பந்தம் எதுவாயினும் அதனைப் படிப்போர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அதில் பேசியவர் யார்? பேசப்பட்டவர் யார்? ஆர்மீனியர் வரலாற்றுக்கும் சயாம் சென்ற தமிழர் வரலாற்றுக்கும் இவ்விரு கேள்விகளே திறவுகோலாகும்.

சென்னையில் வாழ்ந்த ஆர்மீனியர்

ஆர்மீனியர் தமிழருக்குப் புதியவர் அல்லர். சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என இன்று வழங்குவது ஆர்மீனியர் வாழ்ந்த தெருவே. அப்பெயர் ஆர்மீனியக்காரத் தெரு என்பதன் திரிபு என்பர். அங்குள்ள ஆர்மீனியத் தேவாலயம் 1772-இல் கட்டப்பெற்றது. உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழாகிய ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையிலேதான் அச்சாயிற்று. அதனை நடத்தியவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியார். அதற்கும் முன்னரே சென்னை வணிகர் ஷஹாமீர் ஷஹாமீரியன் குடும்பத்தார் அச்சகம் நிறுவி, எதிர்கால ஆர்மீனிய நாட்டுக்கு ஓர் அரசமைப்பையே வகுத்து நூலாக அச்சிட்டனர். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே ஆள வேண்டும் என்பது அதன் கருத்து. நாடு இல்லாத ஓர் இனம் தன் நாடாளுமன்றத்தைத் தமிழ் மண்ணில் இருந்துகொண்டு தாளில் கட்டியது என்றால் வியப்பன்றோ! மலாயாவிலும் பினாங்கில் ஆர்மீனியர் பெயரால் தெரு உண்டு. அந்நகரில் ஈ அண்டு ஓ ஓட்டலை நிறுவிய சார்க்கீஸ் சகோதரர்களும் ஆர்மீனியரே.

எண்ணிக்கையில் சிறிய இனம்தான். எனினும் சென்ற இடமெல்லாம் கோவில், பள்ளி, அச்சகம் என்னும் மூன்றையும் அமைத்துக்கொண்ட இனம். பின்னாளில் அவர்கள் வழக்கு உலக மன்றங்களில் ஏறியதற்கு இம்மூன்றுமே அடித்தளம் ஆயின என்பதை நினைவில் நிறுத்துதல் வேண்டும்.

எழுதி வைக்கப்பட்ட துயரம்

1915 ஏப்ரல் 24-ஆம் நாள் ஓட்டோமான் அரசு கான்ஸ்டாண்டினோபிள் நகரில் ஆர்மீனிய அறிஞர்களையும் தலைவர்களையும் கைது செய்தது. அதன்பின் ஊர் ஊராக மக்கள் வெளியேற்றப்பட்டுச் சிரியப் பாலைவனம் நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். மாண்டவர் தொகை 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. இறப்புகள் நிகழ்ந்ததைத் துருக்கி அரசு மறுக்கவில்லை. போர்க்கால இடர்ப்பாட்டில் இரு பக்கத்தாரும் மாண்டனர் என்பதும், ‘இனப்படுகொலை’ என்னும் பெயர் பொருந்தாது என்பதும் அதன் வாதம். வரலாற்றாய்வாளருள் மிகப் பலர் அப்பெயரே பொருந்தும் என்கின்றனர்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அக்கொடுமை நிகழ்ந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டுவிட்டது. 1915 மே 24-இல் பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகிய மூன்று அரசுகளும் அதனை மானிடத்துக்கு எதிரான குற்றம் என்று கூட்டறிக்கையில் கண்டித்தன. 1916-இல் பிரைஸ் பிரபுவும் ஆர்னால்ட் டாயின்பியும் நேரில் கண்டோர் கூற்றுகளைத் தொகுத்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் நீலப் புத்தகமாக வைத்தனர். அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தாவ் தாம் கண்டவற்றை 1918-இல் நூலாக்கினார். 2005-இல், அதாவது 89 ஆண்டுகள் கழிந்தபின், அந்த நீலப் புத்தகம் போர்க்காலப் பிரசாரமே என்று அறிவிக்குமாறு துருக்கி நாடாளுமன்றத்தார் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எழுதினர். ஒரு புத்தகத்தைக் கண்டு ஓர் அரசு ஒரு நூற்றாண்டளவும் கவலையுறுகிறது என்றால், எழுத்துச் சான்றின் வலிமைக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

ஒப்பந்தங்களின் மௌனம்

சான்று இருந்தும் அரசதந்திரம் கைவிட்டது. 1920 ஆகஸ்டில் கையெழுத்தான செவ்ரே ஒப்பந்தம் ஆர்மீனியர்க்குத் தனி நாட்டை ஒப்புக்கொண்டது; குற்றவாளிகளை விசாரிக்கவும் இடம் வைத்தது. ஆனால் அவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வரவே இல்லை. அதன் இடத்தில் 1923 ஜூலை 24-இல் லோசான் ஒப்பந்தம் வந்தது. அதில் ஆர்மீனியா என்ற பெயரே இடம்பெறவில்லை. மூன்றாண்டுகளுக்குள் ஒரு நாடே தாளிலிருந்து அழிந்தது. போரில் வென்ற அரசுகளுக்குத் துருக்கியின் நட்பு தேவைப்பட்டது. ஆர்மீனியரின் கண்ணீர் தேவைப்படவில்லை.

இலக்கியமும் இதற்குத் தப்பவில்லை. பிரான்சு வெர்ஃபெல் 1933-இல் ஆர்மீனியரின் எதிர்ப்பைப் பொருளாகக் கொண்டு ஒரு பெருநாவல் எழுதினார். ஹாலிவுட் நிறுவனம் ஒன்று அதனைப் படமாக்க முற்பட்டது. வாஷிங்டனில் இருந்த துருக்கித் தூதர் அமெரிக்க அரசிடம் முறையிட, அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒரு கதைக்குக்கூடத் தூதரகங்கள் அஞ்சும் என்பதனை இலக்கிய மாணவர் அறிதல் நலம்.

மன்றங்கள் பேசத் தொடங்கின

ஐம்பது ஆண்டுகள் கடந்தபின் காட்சி மாறிற்று. 1965-இல் சோவியத் ஆர்மீனியாவின் தலைநகராகிய யெரவானில் மக்கள் திரளாகத் தெருவில் இறங்கினர். அவ்வாண்டே தென் அமெரிக்காவின் உருகுவே நாடு முதன்முதலாக ஏப்ரல் 24-ஐ நினைவுநாளாக ஏற்றது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 1987-இலும், பிரான்சு 2001-இலும், கனடிய மக்களவை 2004-இலும், ஜெர்மனி 2016-இலும் இனப்படுகொலை என்னும் பெயரை ஏற்றன. அமெரிக்க மக்களவை 2019 அக்டோபர் 29-இல் 405-க்கு 11 என்ற வாக்கில் ஏற்றது. 2021-இல் அமெரிக்கத் தலைவர் பைடனும் அப்பெயரைச் சொன்னார்.

இவ்வரிசையை மட்டும் காண்போர் நீதி படிப்படியாக வென்றது என மகிழ்வர். ஆண்டுகளைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று தெரியும். 2007 அக்டோபரில் அமெரிக்க மக்களவைக் குழு ஒன்று இதே கருத்தை 27-க்கு 21 என்ற வாக்கில் ஏற்றது. முன்னாள் வெளியுறவுச் செயலர்கள் 8 பேர் அதனை எதிர்த்து எழுதினர். ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. துருக்கியின் துணை அமெரிக்காவுக்கு வேண்டியிருந்தது. தீர்மானம் அவையின் முழு வாக்குக்கு வராமலே நின்றது. 2019-இல் வட சிரியாவில் துருக்கிப் படை புகுந்ததால் அமெரிக்க உறுப்பினர்கள் சினமுற்றிருந்தனர். அதே தீர்மானம் தடையின்றி நிறைவேறிற்று. 1915-இல் நடந்தது 2007-க்கும் 2019-க்கும் இடையே மாறிவிடவில்லை. மாறியது நட்பின் விலையே. நீலப் புத்தகத்தை வெளியிட்ட பிரிட்டனோ, அரசளவில் அப்பெயரை ஏற்பதைத் தவிர்த்தே வந்துள்ளது.

தீர்மானங்கள் வருங்காலத்தைக் காத்தனவா என்னும் கேள்வியும் உண்டு. 2023 செப்டம்பரில் நாகோர்னோ-கராபாக் பகுதியினின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் சில நாட்களுக்குள் வீடு வாசல் துறந்து வெளியேறினர். அதுவரை நிறைவேறியிருந்த தீர்மானங்கள் எவையும் அவர்களைத் தடுத்து நிறுத்திக் காக்கவில்லை. ஆகவே தீர்மானமே நீதி என்போர் கூற்று நிலைபெறாது. இலங்கைத் தமிழர் பொருட்டுக் கனடிய மக்களவை 2022-இல் மே 18-ஐத் தமிழினப் படுகொலை நினைவுநாளாக ஏற்றதைப் போற்றுவோரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். அத்தீர்மானம் ஒரு தொடக்கம்; முடிவு அன்று.

சயாமுக்குப் போனவர்கள்

இனி மலாயாவின் வழக்கைக் காண்போம். 1942-இன் தொடக்கத்தில் ஜப்பானியப் படைப்பிரிவு ஒன்று லூமுட்டிலிருந்து படகுகளில் புறப்பட்டுக் கடலோரமாகச் சென்று தென்பேராக்கில் இறங்கிற்று. சில வாரங்களில் மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பருக்குச் சந்தை போயிற்று. துரைமார் போயினர். தோட்டத் தொழிலாளர் வேலையும் கூலியும் இன்றி மரவள்ளிக் கிழங்கில் உயிர் வாழ்ந்தனர். அந்நிலையில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்தனர். குறுகிய கால வேலை, நாட்கூலி, சாப்பாடு என்ற ஆசைச் சொற்களை நம்பிச் சிலர் போயினர். பின்னர் ஆள்பிடிப்பே நடந்தது. பேராக் தோட்டங்களிலிருந்தும் பலர் கொண்டு செல்லப்பட்டனர்.

பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை 2 லட்சம் அளவில் மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்றோர் 75,000 பேர் எனப் பொதுவாகக் கூறுவர். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. காலராவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. போர்க்கைதிகளிடையே மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர். இறந்தவர் பெயரை ஒளித்து வைத்த தாளிலேனும் குறித்தனர். தோட்டத் தமிழருக்கு மருத்துவரும் இல்லை, கணக்கெழுதுவோரும் இல்லை.

இதன் விளைவை இன்றும் காஞ்சனபுரியில் காணலாம். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த நாள் எல்லாம் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு தொகையில் மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறைத் தோட்டம் இல்லை.

யார் பேசினர், யார் பெற்றனர்?

1951 செப்டம்பர் 8-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடன் அமைதி ஒப்பந்தம் ஆயிற்று. மலாயா அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்ததால் அதன் சார்பில் பேசியதும் பிரிட்டனே. பொதுவாக இழப்பீட்டு உரிமைகளை நேச நாடுகள் விட்டுக்கொடுத்தன. எனினும் 16-ஆம் பிரிவு ஒன்று வைத்தனர்: நடுநிலை நாடுகளில் இருந்த ஜப்பானியச் சொத்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே முன்னாள் போர்க்கைதிகளுக்குச் சேர வேண்டும் என்பது அது. பிரிட்டிஷ் கைதி ஒவ்வொருவருக்கும் சுமார் 76 பவுன் கிடைத்தது. அதே பாதையில் அதே மண்ணைச் சுமந்த தோட்டத் தொழிலாளி போர்க்கைதி அல்லன். ஆகவே அவனுக்கு ஒன்றுமில்லை. லோசானில் ஆர்மீனியர் பெயர் விடுபட்டாற்போலச் சான் பிரான்சிஸ்கோவில் தமிழ்த் தொழிலாளன் பெயர் விடுபட்டது.

மலேசியா தன்னாட்சி பெற்றபின் ‘இரத்தக் கடன்’ என்ற கோரிக்கை எழுந்தது. அதனை முன்னின்று வலியுறுத்தியோர் சீன வணிகச் சங்கத்தார். அவர்கள் இனத்தாரும் ஜப்பானியரால் கொடுமையாகக் கொல்லப்பட்டவர்களே. 1967 செப்டம்பர் 21-இல் மலேசியாவும் ஜப்பானும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி 294 கோடி யென் மதிப்புள்ள பொருளும் பணியும் தர ஜப்பான் இசைந்தது. அன்றைய மலேசிய நாணயத்தில் அது 2½ கோடி வெள்ளி. சரக்குக் கப்பல்களாக அது நாட்டின் கப்பல் நிறுவனத்துக்கு வந்தது. போர்க்கால நிகழ்ச்சிகளால் எழும் எல்லாக் கேள்விகளும் இத்துடன் முற்றாக முடிந்தன என்றும் அவ்வுடன்பாடு கூறிற்று. நாட்டுக்குக் கப்பல் வந்தது நன்றே. ஆயினும் சயாமில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு அக்கப்பல் எதையும் ஏற்றிக்கொண்டு வரவில்லை.

2000-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் சிறைப்பட்டு உயிரோடிருந்த தன் முன்னாள் கைதிகளுக்கும், இறந்தோரின் மனைவியர்க்கும் தலா 10,000 பவுன் வழங்குவதாக அறிவித்தது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. தொகுதி உறுப்பினர்கள் இருந்தனர். அரை நூற்றாண்டு விடாது கேட்டனர், பெற்றனர். அதே பேரரசின் குடைக்கீழ் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் அக்கணக்கில் சேரவில்லை.

வேறுபாட்டின் காரணம்

தமிழருக்காக ஓர் அரசு பேசியதே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. 1936-இல் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை தந்தார். கூலிக் குறைப்பை ஒட்டி 1938 ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயா செல்வதையே நிறுத்திற்று. பின்னால் ஓர் அரசு நின்றபோது தோட்டக் கூலியும் அரசதந்திரப் பொருள் ஆயிற்று என்பதற்கு இது சான்று. 1951-இல் நிலைமை வேறு. இந்தியா சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கே செல்லவில்லை. மறு ஆண்டு ஜப்பானுடன் தனி ஒப்பந்தம் செய்து இழப்பீட்டு உரிமைகளை விட்டுக்கொடுத்தது. மலாயாத் தமிழருக்காகக் கேட்போர் இல்லை.

அரசு இல்லாதபோது ஆர்மீனியர் என் செய்தனர்? தேவாலயப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பிழைத்தவர்கள் தம் ஊருக்கு நினைவு நூல் எழுதினர். எந்த வீட்டில் யார் இருந்தார், எவர் மாண்டார் என்பதை ஊர் ஊராகக் குறித்தனர். அந்நூல்களே பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் ஆதாரமாயின. மலாயாவிலோ செக்ரோல் துரையிடம் இருந்தது, தொழிலாளியிடம் இல்லை. போருக்குப்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தன. மக்கள் சிதறியபோது நினைவும் சிதறிற்று.

எழுத்தாளர்கள் இக்குறையை உணர்ந்தனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1990-களிலும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2000-களிலும் இத்துயரை நாவலாக்கின. மலேசியத் தமிழ் இலக்கியத்துக்கு இவை பெருமை சேர்த்தவை. வேறெவரும் செய்யாத தொண்டைச் செய்தவை. எனினும் அவை வந்தது அரை நூற்றாண்டு கழிந்தபின். நாவல் நெஞ்சை உருக்கும். ஆனால் எதிர்வாதி, ‘இது கதை’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவான். வெர்ஃபெலின் நாவலுக்குப் பின்னே நீலப் புத்தகம் நின்றது. தூதர் அறிக்கைகள் நின்றன. மலேசிய நாவல்களுக்குப் பின்னே அத்தகைய ஆவணத் தொகுப்பு தமிழில் போதிய அளவு எழவில்லை. இக்குறை நாவலாசிரியர்களைச் சார்ந்தது அன்று. தமிழ்க் கல்வியுலகைச் சார்ந்தது.

சிலம்பும் நடுகல்லும்

வழக்காடும் முறையைத் தமிழர் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்தாத தமிழாசிரியர் உண்டோ? கண்ணகி அரசன்முன் அழுவதற்காக மட்டும் போகவில்லை. தன் ஊர் எது, கணவன் யார், என்ன நேர்ந்தது என முறையாகக் கூறினாள். தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்றாள்; தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் வாயாலேயே வந்தது. அதன்பின்னரே சிலம்பு உடைந்தது. சிலம்பு கையில் இல்லாதிருந்தால் அவள் கண்ணீரை அவ்வவை எவ்வாறு எடை போட்டிருக்கும்? சினம் வழக்கைத் தொடங்கி வைத்தது. சான்றே அதனை முடித்து வைத்தது. அந்த அரசன் தன் தவற்றைத் தானே உணர்ந்தான் என்பது காப்பியத்தின் பேறு. இன்றைய அரசுகள் அவ்வாறு உணர்வது அரிது. ஆதலின் இன்றைய வழக்காளிக்குச் சான்று இன்னும் மிகுதியாகவே தேவைப்படுகிறது.

நடுகல் மரபும் இதனையே உணர்த்துகிறது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல்லெடுத்து, நீர்ப்படுத்தி, பெயரும் செயலும் பொறித்து நட்டனர் பழந்தமிழர். பெயர் பொறித்தலை அவர்கள் அழுகையின் ஒரு பகுதியாகக் கொள்ளாமல் கடமையாகவே கொண்டனர். அம்மரபில் வந்தோருள் பல்லாயிரவர் பெயரின்றிக் காட்டில் கிடப்பதே இவ்வழக்கில் மிகப் பெரிய குறை.

செய்யத்தக்கது

மறந்துவிடுக என்போர்க்கு விடை இதுவே: மறதி பகையைத் தணித்ததாக ஆர்மீனியர் வரலாறு காட்டவில்லை. லோசானின் மௌனம் வழக்கை முடிக்கவில்லை. நான்கு தலைமுறைக்கு அதனை நீட்டித்தது. இன்றைய ஜப்பானிய மக்களை வெறுப்பதற்கும் சயாம் வழக்குக்கும் தொடர்பில்லை. பெயரை மீட்பது வேறு, பழிவாங்குவது வேறு.

தீர்மானம் போதும் என்போர்க்கு விடை: மன்றங்கள் தத்தம் நாட்டின் நலத்தை நோக்கியே பேசும். இன்று பேசும், நாளை மௌனம் கொள்ளும். மன்றம் பேசினாலும் பேசாவிட்டாலும் அழியாமல் நிற்பது ஆவணம் ஒன்றே. கோலாலம்பூரில் 2007 நவம்பர் 25-இல் மலேசிய இந்தியர் பெருந்திரளாகக் கூடிப் பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு அளிக்க முயன்றது உலகச் செய்தி ஆயிற்று. செய்தி சில நாட்களில் பழையதாகிவிடும். ஏடு பழையதாகப் பழையதாக மதிப்புப் பெறும்.

ஆகவே முதற் பணி தமிழ்ப்பள்ளியில் தொடங்கத்தக்கது. லூமுட், சித்தியவான், ஆயர் தாவார், சுங்கை சிப்புட், ஈப்போ என எவ்வூர்ப் பள்ளியாயினும், மாணவன் தன் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் பெயர், எந்தத் தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்னும் நான்கை மட்டும் கேட்டு எழுதி வரலாம். சென்றவருள் உயிரோடிருப்போர் இன்று அரியர். அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். ஊர்தோறும் ஒரு சிறு ஏடு சேர்ந்தால் நாட்டளவில் ஒரு பெரும் பதிவேடு ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டுரைப் போட்டிக்குப் பொங்கலைப் பற்றியும் புயலைப் பற்றியும் எழுதச் சொல்லும் பள்ளிகள் இதனையும் எழுதச் சொன்னால் தமிழும் வளரும், வரலாறும் வளரும்.

பங்கோர் ஒப்பந்தத்தில் லூமுட் மக்கள் பேசப்பட்டார்களேயன்றிப் பேசவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் தோட்டத் தமிழர் பேசப்படவும் இல்லை. அந்நிலை மாற வேண்டுமானால், அடுத்த மன்றம் கூடும் நாளுக்குக் காத்திராமல் பெயர்களை இன்றே எழுதத் தொடங்குதல் வேண்டும்.